ரிப்போர்ட்டைப் பற்றி எழுதாத கடிதம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னோடு கத்தியதில் தொண்டை மட்டும் இன்னும் கரகரக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? சிட்டு இந்த வாரம் யாருடைய சட்டைக் காலரைக் கடித்துத் தின்கிறாள்?

போனை வைப்பதற்கு முன் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "நீ பேசினா எனக்குத் தலையாட்டத்தான் முடியுது. எழுது. புரியலேன்னா திரும்பப் படிப்பேன்" என்றாய். நியாயம்தான். நீ நாள் முழுக்க அறுபது தையல் மெஷின்களின் பழுதோடு மல்லுக்கட்டுகிறவன். நான் எலி மூளையைச் சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள். ஒரே வீட்டில் பிறந்துவிட்டோம் என்பதற்காக ஒரே பாஷை பேசிவிடுவோமா?

ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். ஆறு வயதாகியும் சிட்டுவுக்கு ஒரு வார்த்தை வராததற்கு ஒரு ஜீன் காரணம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதிகள் இருக்கும், அவளுக்கு ஒன்றுதான். அந்த ஜீனைப் பார்த்து உடம்பு செய்கிற புரதத்துக்கு ஷாங்க்-3 என்று பேர்.

மூளையில் நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். இந்தக் கரையிலிருந்து ஒரு ரசாயனம் சிந்தும், அந்தக் கரையில் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் காத்திருக்கும். பிடித்தால் மட்டும் போதாது. பிடித்த செய்தியை உள்ளே எடுத்துப் போக, ஏற்பிக்குப் பக்கத்திலேயே வேறு சில புரதங்கள் தயாராக நிற்க வேண்டும். யார் எங்கே நிற்பது என்று பிடித்து நிறுத்தி வைப்பதுதான் ஷாங்க்கின் வேலை. அது தானாக ஒரு செய்தியும் அனுப்பாது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறார்களே, அதை வைத்துச் சாரப் புரதம் என்கிறோம்.

இன்னொன்று. டாக்டர் உங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் கேட்டிருந்தார். அண்ணி கொடுத்துவிட்டார், அவரிடம் குறையில்லை என்றும் வந்துவிட்டது. நீ எப்போது கொடுக்கப் போகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 18

அன்புள்ள மக்குவுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அண்ணிக்கு இருமல் போய்விட்டது. மாப்பிள்ளை சௌக்கியமா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் துணி வெட்டும் மேஜைமேல் வைத்து இரண்டு தடவை படித்தேன். இஸ்திரி போடுகிற அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருப்பா ஷாங்க், உன் முதலாளியா?" என்று கேட்டாள். எங்கள் ஊசியின் தடித்த மேல்பாகத்துக்கும் ஷாங்க் என்றுதான் பேர், தெரியுமா? அதைப் பிடித்துத்தான் ஊசியை முடுக்குவோம். அது கொஞ்சம் தளர்ந்தால் போதும். நூல் இருக்கும், கொக்கி இருக்கும், மோட்டார் ஓடும், தையல் மட்டும் விழாது. நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டால் தப்பா?

இன்னும் கேள்விகள் இருக்கின்றன. சாரம் என்றால் வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்களே, மூளையிலும் பிரிப்பார்களா? ஒரு பிரதி போனால் இன்னொன்று இருக்கிறதே, அது இரண்டு பங்கு வேலை செய்யக் கூடாதா? இதையெல்லாம் நீ கண்ணால் பார்த்திருக்கிறாயா, இல்லை எவனோ சொன்னதா?

அண்ணிக்கும் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். சிட்டு வயிற்றில் இருந்தபோது அவள் தான் வேலை பார்க்கிற சலவைக்கடைப் படியில் வழுக்கி விழுந்தாள் இல்லையா, அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அன்னிக்கு நான் பார்த்து இறங்கியிருந்தா" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆரம்பிப்பாள். அது இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பாதி சிட்டுவின் வயிற்றில் இருக்கிறது. "டாக்டர் உங்கள் இரண்டு பேர்" வரைக்கும் தெரிகிறது. அதற்கப்புறம் என்ன எழுதியிருந்தாய்?

உன் அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இவருக்குக் கொஞ்சம் ஜலதோஷம், அதற்கே வீட்டில் பெரிய ஆர்ப்பாட்டம்.

சிட்டு சரியான இடம் பார்த்துத்தான் கடித்திருக்கிறாள். அப்பா பிள்ளை இரண்டு பேரும் கூட்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் உன் கேள்விகள்.

சாரத்தைப் பிரிப்பதில்லை. பேர் வைத்தவர்கள் உன்னைக் கேட்டு வைத்திருக்கலாம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அங்கே நிற்கிற ஒவ்வொரு புரதமும் கொஞ்ச நாளில் பழசாகிப் போய்விடும், புதுசு வந்து நிற்கும். வருஷக்கணக்கில் நீ ஞாபகம் வைத்திருக்கிற ஒரு பாட்டு, எத்தனையோ தடவை ஆள் மாறிவிட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. எப்படி என்று முழுசாக யாருக்கும் தெரியாது. எனக்கு இதை நினைத்தால் சில நாள் வேலையே ஓடாது.

மிச்சம் இருக்கிற ஒரு பிரதி இரண்டு பங்கு வேலை செய்யுமா என்றாய். அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் சரியான கேள்வி, பெரிய பெரிய ஆட்கள் இதைத்தான் குடைந்துகொண்டிருக்கிறார்கள். எலிகளில், வளர்ந்த பிறகு ஜீனைத் திருப்பிக் கொடுத்தபோது சில குணங்கள் சரியாயின, சில ஆகவில்லை. எலிகளில்தான், அண்ணா. அதற்கு மேல் உன்னை நம்ப வைக்க மாட்டேன். ஊசி உதாரணமும் பாதிக்குத்தான் சரி. மூளையில் ஒரு தையல் விட்டால் பக்கத்துத் தையல் தன்னை மாற்றிக்கொள்ளும்.

கண்ணால் பார்க்கிறேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்தக் கரை ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும், கண்ணுக்கு மை தீட்டினது போல. அதன் நீளத்தையும் தடிமனையும் அளப்பதுதான் என் வேலை. எது ஜீன் குறைந்த எலி, எது சாதாரண எலி என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். வெறும் நம்பர்தான். தெரிந்தால் கை தானாகச் சாய்த்து அளந்துவிடும். எல்லாம் அளந்து முடித்த பிறகுதான் பதிவேட்டைத் திறப்பார்கள்.

இப்போது சிட்டு தின்ற பாதி. உன் ரத்தத்தைக் கேட்டேன். இந்தக் குறை பெரும்பாலும் கருவில் தானாக நேர்வது. சில வீடுகளில் மட்டும் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு குரோமோசோம் துண்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு எதுவும் குறையாது, இடம்தான் மாறியிருக்கும், அதனால் ஒரு கஷ்டமும் தெரியாது. குழந்தைக்குப் பாதியைக் கொடுக்கும்போது துண்டு விட்டுப்போகலாம். உனக்கு அப்படி இருந்தால் எனக்கும் இருக்கலாம். நாங்கள் இந்த வருஷம் ஒரு குழந்தைக்கு ஆசைப்படுகிறோம், அண்ணா. அதனால்தான் நச்சரிக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 22

அன்புள்ள மக்குவுக்கு,

சந்தோஷச் செய்தியை இப்படியா ரத்தப் பரிசோதனைக்கு நடுவில் செருகி எழுதுவார்கள்? அண்ணி படித்துவிட்டு உன்னைத் திட்டினாள், பிறகு சிரித்தாள். மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் விட்டதா?

போன வியாழக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டேன். ரத்தம் எடுக்கிற ஊசி, எங்கள் மெஷினின் எண்பதாம் நம்பர் ஊசி அளவு இருக்கும். நர்ஸ் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள். "கொஞ்சம் சாய்ச்சு விடும்மா" என்று நான் சொன்னதும், "நீங்களே எடுத்துக்கிறீங்களா?" என்றாள். முடிவு வர நாலு வாரம் ஆகுமாம்.

இதற்கு நடுவில் ஒன்று கண்டுபிடித்தேன். சிட்டு கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்தோம்? ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டுவிட்டு, சும்மா எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்று எண்ணும்போது திரும்பிப் பார்த்தாள்! மறுபடி கூப்பிட்டேன், பத்து. இத்தனை நாளும் நாங்கள் நாலு எண்ணுவதற்குள் அலுத்துப்போய் நகர்ந்திருக்கிறோம். அண்ணி கூப்பிட்டால் ஆறிலேயே திரும்புகிறாள். இதற்கு உன் கறுப்புப் பட்டை காரணமா?

அண்ணியும் இப்போது எண்ண ஆரம்பித்துவிட்டாள். சலவைக்கடையில் மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன் சிட்டு உட்கார்ந்திருப்பாள் அல்லவா, பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டு எண்ணுகிறாளாம். வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலமாக இருக்கிறேன், உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இன்னும் நலமாக இருக்கிறேன். என் பேராசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். "உங்கள் அண்ணனுக்கு வேலை வேண்டுமா?" என்று கேட்டார்.

ஏன் பதினொன்று என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புப் பட்டைக்கும் அந்தப் பதினொன்றுக்கும் நடுவில் நாங்கள் யாருமே நடந்து பார்க்காத தூரம் இருக்கிறது. ஆனால் நீ செய்ததில் ஒரு ஓட்டை இருக்கிறது, அண்ணா. அண்ணி கூப்பிடும்போது நீயே எண்ணுகிறாய். அண்ணிக்கு அவள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று உனக்கு ஆசை, அதனால் வேகத்தைக் குறைத்து எண்ணியிருக்கலாம். கடிகாரம் வைத்துக்கொள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சிட்டுவை மட்டும் பார். உங்கள் இரண்டு பேர் குரலையும் போனில் பதிவு செய்து கொடு, அண்ணி அடுத்த அறையிலிருந்து அதை மாற்றி மாற்றிப் போடும்போது விளக்கையும் போட்டுக் காட்டட்டும். யார் கூப்பிட்டது என்று உனக்குத் தெரியவே கூடாது.

அண்ணி, நீங்கள் விழுந்ததைப் பற்றி: விழுந்தால் எலும்பு உடையும், ஜீன் உடையாது. இது நிச்சயம்.

தங்கை


ஏப்ரல் 18

அன்புள்ள மக்குவுக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம். அடுத்த அறையில் விளக்கைப் போட்டுப் போட்டு பல்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

பஞ்சு வைத்து, கடிகாரம் பார்த்து, நாற்பது தடவை செய்தோம். என் குரலுக்கு ஒன்பது விநாடி, அண்ணி குரலுக்கு ஐந்து. ஓட்டையை அடைத்த பிறகும் அண்ணிதான் ஜெயித்தாள். கன்னம் சிவந்துபோய் நின்றாள். அப்படி அவளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

இத்தோடு ஒரு கவர் வைத்திருக்கிறேன். என் ரத்த ரிப்போர்ட். ஆஸ்பத்திரியில் கொடுத்தபடியே ஒட்டியிருக்கிறது, நான் பிரிக்கவில்லை. மூன்று நாள் டூல்ஸ் பெட்டியில் வைத்திருந்தேன், கை வரவில்லை. முடிவு தெரியாமல் வேலை பார்த்துவிட்டுப் பிறகு பதிவேட்டைத் திறந்து பழகியவள் நீ. நீயே பிரி. உன் விஷயமும் இதில்தானே இருக்கிறது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்றும் இல்லை என்றால் ரிப்போர்ட்டைப் பற்றி எழுதவே எழுதாதே. வழக்கம்போல எலிக்கதை எழுது. ஏதாவது இருந்தால் மட்டும் எழுது. கடிதத்தைப் பிரித்தவுடன் என் கண் 'ரிப்போர்ட்' என்ற சொல்லைத்தான் தேடும். அது இல்லையென்றால் மூச்சு விட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பேன்.

உன் அண்ணன்


மே 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் அதிகம், ஆய்வகத்தில் மட்டும் மைக்ராஸ்கோப்புக்காகக் குளிர வைத்திருக்கிறார்கள், அதனால் நான் ஸ்வெட்டரோடு அலைகிறேன். ஒன்பதும் ஐந்துமா! அண்ணிக்கு என் கைதட்டலைச் சொல்.

எங்கள் பதிவேட்டைப் போன வாரம் திறந்தோம். ஆயிரத்து இருநூறு பட்டைகள் அளந்திருந்தேன். ஜீன் குறைந்த எலிகளில் பட்டை மெலிந்திருக்கிறது, வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் கேக் வெட்டினார்கள். இந்த எலிகள் ஓயாமல் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், தேய்த்துத் தேய்த்து ரோமம் போய்ப் புண்ணாகிவிடும். அதில் நாற்பத்தோராம் நம்பர் எலி என் விரலை மட்டும் நக்கும், வேறு யார் கையை நீட்டினாலும் மூலைக்குப் போய்விடும்.

(இங்கே இரண்டு வரி அடித்திருக்கிறேன். எலி நம்பரைத் தப்பாக எழுதிவிட்டேன்.)

இவருக்கு வேலை அதிகம். நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். சிட்டுவுக்கு முத்தம்.

தங்கை


மே 12

அன்புள்ள மக்குவுக்கு,

மூச்சு விட்டேன். நிஜமாகவே சத்தமாக விட்டேன், பக்கத்து மெஷின் பெண் திரும்பிப் பார்த்தாள். நீ அடித்திருந்த இரண்டு வரியைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எலி நம்பர்தான் என்று நம்பினேன். உனக்கும் கவலை விட்டது, எனக்கும் விட்டது. மாப்பிள்ளையிடம் சொல், இனிமேல் தாமதம் வேண்டாம்.

அன்று மாலையே அண்ணியிடம், "என் பக்கத்துல ஒண்ணும் இல்லையாம்" என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்போ நான்தான்" என்றாள். "உன்னோடதும் சரியாத்தானே வந்திருக்கு?" என்றேன். "ரெண்டு பேருக்கும் இல்லேன்னா, அந்தப் பத்து மாசத்துல ஏதோ நடந்திருக்கணும். பத்து மாசமும் அவ எங்கிட்டதானே இருந்தா?" என்று கேட்டாள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பத்து மாதத்தில் செய்ததெல்லாம். விழுந்தது, காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை, சலவைக்கடை மருந்து வாசனை, பெயின்ட் அடித்த அறையில் படுத்தது, என்னோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் இருந்தது. மூன்று பக்கம் வந்துவிட்டது. சிட்டுவைக் கூப்பிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இன்னும் மோசம், அவளைக் கூப்பிடுவதையே குறைத்துவிட்டாள். சிட்டு திரும்பித் திரும்பி அவளைப் பார்க்கிறாள்.

நோட்டில் இருப்பதையெல்லாம் உனக்கு அனுப்பட்டுமா? ஒவ்வொன்றாக இல்லை என்று நீ எழுதினால் ஒருவேளை நம்புவாள். சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணன்


மே 29

மக்கு,

பதினேழு நாளாகக் கடிதம் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? போன் செய்தாலும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து, "வேலையா இருக்கா, அப்புறம் பேசுவா" என்றார். நோட்டு ஐந்து பக்கம் ஆகிவிட்டது. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

அண்ணன்


ஜூன் 4

அண்ணா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை அண்ணிக்கும் வாசித்துக் காட்டு. இன்றைக்கே காட்டு.

உன் ரிப்போர்ட்டில் இருந்தது. உன்னுடைய இருபத்திரண்டாம் குரோமோசோமின் நுனித் துண்டு வேறொன்றோடு இடம் மாறியிருக்கிறது. சிட்டுவுக்கு வந்தது அதனால்தான். அண்ணி விழுந்ததாலோ, மாத்திரையாலோ, பெயின்ட்டாலோ, சண்டையாலோ இல்லை. நோட்டில் ஐந்து பக்கம் இருந்தாலும் ஐம்பது பக்கம் இருந்தாலும் அதில் ஒரு வரிக்கும் சிட்டுவுக்கும் சம்பந்தம் கிடையாது. உன் தப்பும் இல்லை. நீ பிறக்கும்போதே உன்னிடம் இருந்தது, யாரும் உன்னைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

மே ஒன்றாம் தேதிக் கடிதத்தில் அடித்த இரண்டு வரி எலி நம்பர் இல்லை. ரிப்போர்ட்டைப் பற்றித்தான் எழுதினேன், பிறகு எழுத்து தெரியாமல் அடித்தேன். இன்னொரு கடிதத்தில் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் எழுதாமல் விட்டால் நீ அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்வாய் என்பது எனக்குத் தெரியும். நீ போட்ட ஏற்பாடு அதுதானே? தெரிந்தேதான் கவரை ஒட்டினேன். உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்த பிறகும் பதினைந்து நாளுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். உனக்கு இருக்கிறது என்று எழுதினால், எனக்கு இருக்கிறதா என்று நானும் பார்த்தாக வேண்டும். நம் அப்பாவோ அம்மாவோ கொடுத்ததாக இருந்தால் எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆயிரத்து இருநூறு பட்டைகளைத் தெரியாமல் அளக்கத் தெரிந்த எனக்கு, என் ஒரு சொட்டு ரத்தத்தைக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. இவரிடம்கூட நேற்றுதான் சொன்னேன். கொஞ்ச நாள் மட்டும், எனக்கும் ஒரு குழந்தை பிறக்கும் என்று சும்மா நினைத்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டேன். அந்தக் கொஞ்ச நாளை அண்ணியிடமிருந்து திருடியிருக்கிறேன்.

அண்ணி, மன்னியுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே சுகம்தான். சுகமா என்று உன்னையும் கேட்கிறேன், கோபமாக இருக்கும்போது கேட்கக் கூடாது என்று ஒன்றும் இல்லையே.

உன் கடிதத்தை உங்கண்ணன் சலவைக்கடைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், வேலைக்கு நடுவில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு. வாசிக்க முடியவில்லை அவரால். நான்தான் வாங்கிப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, வாடிக்கையாளர் ஒருவருக்குக் கோட்டு ஒன்றை மடித்துக் கொடுத்தேன், ரசீது எழுதினேன், அதன் பிறகுதான் அழுதேன். உங்கண்ணனும் அழுதார். "ஆறு வருஷமா நீ உன்னையே திட்டிக்கிட்டிருந்தே, நான் கேட்டுக்கிட்டே இருந்தேனே" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது, கொஞ்சம் திட்டவும் செய்தேன். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினோம்.

உன்மேல் கோபம் இருக்கிறது. முப்பது நாள் என் பிள்ளையைக் கூப்பிடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் கெடுத்த குழந்தையை நானே எப்படிக் கொஞ்சுவது என்று. அந்த முப்பது நாளை உன்னால் திருப்பித் தர முடியாது. அதனால் மன்னிப்பைப் பற்றி இப்போதைக்கு என்னிடம் கேட்காதே. தானாக வந்தால் வரும்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். ரத்தம் கொடுக்கத் தைரியம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான்கு தடவை படித்தேன். முதலில் உன்னை நினைத்துப் பாவமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. நீ பயப்படுவது ரத்தத்தைப் பார்த்து இல்லை, என் பெண்ணைப் பார்த்து. அவளைப் போல ஒன்று உனக்கும் பிறந்துவிடுமோ என்று.

தப்பென்று சொல்லவில்லை. எனக்கும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் நானும் பயந்திருப்பேன். அவளை வளர்ப்பது சுலபம் என்று பொய் சொல்லவும் மாட்டேன். போன மாதம் சுடு இஸ்திரிப் பெட்டியில் கை வைத்துவிட்டு அழாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கொப்புளம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ராத்திரி வலிப்பு வருமோ என்று இன்றைக்கும் அவள் மார்பில் கை வைத்துப் பார்க்கிறேன். எல்லாம் உண்டு.

ஒன்று கேட்கிறேன். அந்த எலி உன் விரலை மட்டும் நக்கும் என்று எழுதினாயே, எத்தனை நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்? சிட்டு பிறந்து ஆறு வருஷத்தில் நீ அவளோடு இருந்தது மொத்தம் நாலு நாள். அதிலும் இரண்டு நாள் அவளுக்குக் காய்ச்சல். உனக்கு அவளுடைய பட்டை தெரியும், பிரதி தெரியும், துண்டு தெரியும். அவளைத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானும் அவளும் வருகிறோம். உங்கண்ணனுக்கு லீவு இல்லை, அது நல்லதுதான். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு, காலர் வைத்த நல்ல சட்டையெல்லாம் பெட்டிக்குள் போகட்டும். பத்து நாள் இருப்போம். நீ லீவு போட்டுவிட்டு அவளோடு இரு. குளிப்பாட்டு, சோறு ஊட்டு, அவள் கத்தும்போது பக்கத்தில் உட்கார். பதினோராம் நாள் நானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், ரத்தம் கொடு. கொடுக்க வேண்டாம் என்று தோன்றினால் கொடுக்காதே, அதையும் நான் கேட்க மாட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால், அவளை மடியில் வைத்துக்கொண்டு, எதற்குப் பயந்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அண்ணி